பாவித்த பைக்குக்கு வொரன்டி: 25 ஆயிரம் ரூபாவுக்கு நாம் வாங்குவது என்ன?

என் தங்கச்சியின் மகனுக்கு அண்மையில் விற்பனைப் பிரதிநிதி வேலை கிடைத்தது. சாய்ந்தமருதிலிருந்து அக்கரைப்பற்று வரை கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருந்தால்தான் வேலை. தங்கச்சி மூன்று வருடமாகக் கட்டி எடுத்த சீட்டுக் காசு கையில் இருந்தது. அதற்குள் அடங்கும் விதமாகப் பாவித்த 150 சீசீ பைக் ஒன்றை 4 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாவுக்கு ஒரு விற்பனை நிலையத்தில் பார்த்து வைத்தான்.

விலை பேசி முடிந்த பிறகுதான் இன்னொரு தாள் மேசைக்கு வந்தது. மேலதிகமாக 25 ஆயிரம் ரூபா கட்டினால் ஒரு வருடத்துக்கு வொரன்டி. "இஞ்சின் போனாலும் உங்களுக்குத் தலையிடி இல்ல" என்று சொல்லியிருக்கிறார்கள். மருமகன் அங்கிருந்தே எனக்கு அழைப்பெடுத்தான். "மாமா, இதப் போடுவமா, வேணாமா?"

இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் கேட்கப்படுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடிய பைக்குகளே கைமாறிக்கொண்டிருந்தன. வயது கூடிய பைக்கைக் கூடிய விலைக்கு வாங்கும்போது பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்துக்குத்தான் வொரன்டி விற்கப்படுகிறது. அதனால் பதில் சொல்லும் முன் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

தாளில் மூன்று விடயங்களைப் பார்த்தேன். நீங்களும் முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவது, எது அடங்குகிறது, எது அடங்காது என்பது. இஞ்சினின் உட்பாகங்களும் கியர் பெட்டியும் மட்டுமே அடங்கின. செயின், ஸ்ப்ரொக்கட், டயர், பிரேக், கிளச் பிளேட், பெட்டரி, வயரிங், கோன் செட், காபரேட்டர் எதுவுமே இல்லை. பாவித்த பைக் ஒன்று நம்மைக் கராஜுக்கு இழுப்பது பெரும்பாலும் இவற்றால்தான். இஞ்சினிலும் கூட "தேய்மானத்தால் ஏற்படும் பழுது சேராது" என்று ஒரு வரி இருந்தது. பழைய இஞ்சினில் பிஸ்டன் ரிங் போவதைத் தேய்மானம் இல்லை என்று எப்படி நிரூபிப்பது?

இரண்டாவது, நிபந்தனைகள். ஒவ்வொரு 2,000 கிலோமீற்றருக்கும் அவர்களிடமே சர்வீஸ் செய்ய வேண்டும். ஒன்று தவறினாலும் வொரன்டி செல்லாது. மருமகனின் ஓட்டத்துக்கு அது ஏறக்குறைய மாதம் ஒரு தடவை. ஊர்க் கராஜில் ஒயில் மாற்றினாலும் உரிமை போய்விடும்.

மூன்றாவது, தொகை. ஒரு வருடத்துக்கு ஆகக்கூடியது 75 ஆயிரம் ரூபா. அதிலும் முதல் 10 ஆயிரத்தை நாமே கட்ட வேண்டும். அப்படியானால் எவ்வளவு பெரிய பழுது வந்தாலும் நமக்குக் கிடைப்பது 65 ஆயிரம்தான்.

இனிக் கணக்கு இலகு. கட்டுவது 25 ஆயிரம், ஆகக்கூடிய நன்மை 65 ஆயிரம். 25-ஐ 65-ஆல் பிரித்தால் ஏறக்குறைய 38 வீதம். அதாவது, இப்படியான 10 பைக்குகளில் கிட்டத்தட்ட 4 பைக்குகளின் இஞ்சின், ஒரே வருடத்துக்குள், முழுத் தொகையும் தேவைப்படும் அளவுக்குப் பழுதடைந்தால்தான் கட்டிய காசுக்குச் சமமாகும். அந்தளவுக்கு இஞ்சின் போகும் என்று தோன்றும் பைக் என்றால், அதற்கு வொரன்டி போடுவதைவிட அதை வாங்காமல் விடுவதே புத்தி. அந்தளவுக்குப் போகாது என்றால் 25 ஆயிரம் அதிகம். விற்பவரும் நட்டத்துக்கு இதை விற்கமாட்டார். எல்லோரிடமும் வாங்குவதைவிடக் குறைவாகத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்த வியாபாரம் நிற்கும்.

கணக்கு ஒரு பக்கம். நமக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் ஆலிம் அல்ல. கற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். விற்பவர் தன் பொருளின் குறைக்குத் தானே பொறுப்பேற்று, விலைக்குள் அடக்கித் தரும் உத்தரவாதம் ஒன்று. தனியாகக் காசு வாங்கி, பழுது வந்தால் தருவேன், வராவிட்டால் காசு எனக்கு என்று செய்யும் ஒப்பந்தம் வேறொன்று. முதலாவதைப் பெரும்பாலான உலமாக்கள் ஆகும் என்கிறார்கள். இரண்டாவது, வணிகக் காப்புறுதியைப் போல கரர் எனப்படும் நிச்சயமின்மையைக் கொண்டது என்பதால் பலர் தடுக்கிறார்கள். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1985இல் ஜித்தாவில் கூடியபோது, நிலையான கட்டணம் வாங்கும் வணிகக் காப்புறுதி கூடாது என்றும், அதற்கு மாற்றாக ஒத்துழைப்பு அடிப்படையிலான காப்புறுதி ஆகும் என்றும் முடிவெடுத்தது. வீதியில் ஓடச் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் தரப்புக் காப்புறுதியை நாம் தவிர்க்க முடியாது. இந்த வொரன்டி அப்படிப்பட்ட கட்டாயம் அல்ல. உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டி நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள்.

அதேநேரம், மார்க்கம் வாங்குபவரைக் கைவிடவும் இல்லை. விற்கும்போதே இருந்த மறைவான குறை பிறகு தெரியவந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதைப் பிக்ஹில் 'கியாருல் ஐப்' என்பார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் பாடம். இஞ்சின் புகைக்கிறது என்று தெரிந்தும் தடித்த ஒயில் ஊற்றி விற்பதும் அதே ஈரத்தைத்தான் மறைக்கிறது. தான் மறைத்திருக்கக்கூடிய குறைக்கு வாங்குபவரிடமே தனியாகக் கட்டணம் அறவிடுவது எந்த வகையில் நியாயம் என்று நம் வியாபாரிகள் யோசிக்க வேண்டும்.

மருமகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "மகன், வொரன்டிக்குச் சல்லி குடுக்காத. முதல்ல பைக்கப் பரிசோதிப்பம்."

அடுத்த நாள் காலையில் ஊர்க் கராஜ் காக்கா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவருக்குக் கொடுத்தது 3,000 ரூபா. நாங்கள் வரும்வரை இஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். சூடான இஞ்சின் பல நோய்களை மறைக்கும். அவர் முதலில் இஞ்சினைக் கையால் தொட்டுப் பார்த்தார்; குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் பண்ணி சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பார்த்தார். வந்தால் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். டைமிங் செயின் சத்தம், முன் ஃபோர்க்கில் ஒயில் கசிவு, ஹேண்டிலைத் திருப்பும்போது கோன் செட் இறுகுகிறதா என்பதையெல்லாம் பார்த்தார். கடற்கரை ஊர் என்பதால் செசியின் அடிப்பக்கத் துருவையும் சுரண்டிப் பார்த்தார். நான் இஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டேன். லீசிங் நிறுவனத்தின் பெயர் அதில் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்தேன். அப்படி இருந்தால் எந்த வொரன்டியும் உங்களைக் காப்பாற்றாது.

பைக் பரவாயில்லை என்றார் காக்கா. செயின் செட் மட்டும் மாற்ற வேண்டும். பிறகு நான் நிலையத்துக்காரரிடம் கேட்டேன்: "இஞ்சின் நல்லம் என்டு நீங்களே சொல்றீங்க. அப்ப மூணு மாசத்துக்கு இஞ்சின் பொறுப்ப காசில்லாம எழுதித் தாங்க." கொஞ்சம் யோசித்தார். ஒரு மாதம் என்றார். கடைசியில் இரண்டு மாதத்துக்குப் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கையொப்பமிட்டார்.

எழுத்தில் வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வியாபாரி கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால், வாங்கிய மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டும் எழுத்தும் இல்லாமல் போனால் வாய்ப்பேச்சுத்தான் மிச்சம். தனிநபரிடம் வாங்குபவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் பரிசோதனையில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வொரன்டிக்குப் போகவிருந்த 25 ஆயிரத்தைத் தங்கச்சி தனியாக ஒரு உறையில் வைத்தாள். நான்காம் மாதம் மழையில் பைக் நின்றது. சார்ஜிங் பழுது. ரெகுலேட்டரும் பெட்டரியும் மாற்ற 14 ஆயிரம் ரூபா போனது. இரண்டுமே அந்த வொரன்டித் தாளில் இல்லாதவை. வொரன்டி போட்டிருந்தால் 25 ஆயிரமும் போய், இந்த 14 ஆயிரத்துக்கு யாரிடமாவது கடன் கேட்டிருப்பான்.

எங்கள் ஒரு பைக்கை வைத்து எல்லோருக்கும் இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். நாளை இஞ்சின் போனால் உறையில் உள்ள காசு போதாது. அது எங்களுக்குத் தெரியும். தாளில் மின் பாகங்களும் அடங்கி, உங்கள் கராஜிலேயே சர்வீஸ் செய்யலாம் என்று இருந்து, தொகையும் குறைவாக இருந்தால் கணக்கு மாறும். அப்போதும் மார்க்கக் கேள்வி மிஞ்சும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கடைசி வரி வரை வாசியுங்கள். கட்டும் தொகையை, கிடைக்கக்கூடிய ஆகக்கூடிய தொகையால் பிரித்துப் பாருங்கள். நம்பிக்கையான கராஜ்காரர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

உறையில் இன்னும் 11 ஆயிரம் இருக்கிறது. மாதம் 2,000 வீதம் மருமகன் அதில் போட்டு வருகிறான், அல்ஹம்துலில்லாஹ்.