ஏத்தனும் மட்டியும்: ஒரே கொக்கியில் தொங்கும் இரண்டு வியாபாரம்

நம் மாவட்டத்தில் பலசரக்குக் கடையானாலும் பெட்டிக்கடையானாலும் முன்னால் நாலு வாழைக்குலை தொங்காமல் கடை நிறைவதில்லை. ஆனால் வணிகர்கள் பலரும் ஏத்தன் குலையையும் மட்டிக் குலையையும் ஒரே நாளில் கொள்முதல் செய்து, ஒரே கணக்கில் விற்க நினைக்கிறார்கள். நாலாம் நாள் ஏத்தன் அப்படியே இருக்கிறது. மட்டியோ பாதி கழிவாகிவிடுகிறது. ‘மட்டி வாங்கினால் கட்டாது’ என்று அடுத்த வாரம் மட்டியையே நிறுத்திவிடுகிறார்கள். குறை மட்டியிடம் இல்லை. இரண்டும் வாழைதான் என்றாலும் பிறப்பு வேறு, வளர்ப்பு வேறு. அதைத் தெரிந்துகொண்டால் கொள்முதலும் வேறாகிவிடும்.

நாம் தின்னும் வாழைகள் பெரும்பாலும் இரண்டு காட்டு வாழைகளின் வழிவந்தவை. ஒன்று மூசா அக்குமினேட்டா, மற்றது மூசா பால்பிசியானா. விஞ்ஞானிகள் முன்னதை ‘ஏ’ என்றும் பின்னதை ‘பி’ என்றும் குறிக்கிறார்கள். மட்டி ‘ஏஏ’ வகை. அதாவது அக்குமினேட்டா மட்டுமே. ஏத்தன், அதாவது நேந்திரன், ‘ஏஏபி’ வகை. நம் நாட்டில் கறிக்கும் வறுவலுக்கும் ஆகிற, மாவுச்சத்து மிகுந்த வாழைகளில் பெரும்பாலும் இந்த ‘பி’ கலப்பு உண்டு. ஏத்தங்காய் கெட்டியாகவும், மட்டிப்பழம் மெல்லிய தோலுடன் மணமும் இனிப்புமாக இருப்பதற்கும் அடிப்படை இந்தப் பிறப்பு வேற்றுமைதான்.

ஏத்தன் செலவாளி வாழை. ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 1,200 மூடு வரை கொள்ளும். பெரும்பாலும் ஆண்டுதோறும் புதுக் கன்று நடுகிறார்கள். சாம்பல் சத்து நிறைய வேண்டும், தண்ணீர் தவறக்கூடாது, பக்கக் கன்றுகளை அவ்வப்போது வெட்டி எறிய வேண்டும். தண்டுக்கூன் வண்டு விழுந்தால் தடையில் துளையிட்டுப் பசைபோல் நீர் வடியும். கவனிக்காவிட்டால் குலை தள்ளிய பிறகு மூடு ஒடிந்து விழும். குலையில் நாலு முதல் ஆறு சீப்புதான் என்றாலும் காய் ஒவ்வொன்றும் கனம். அதனால் ஊன்றுகம்பு கொடுக்காமல் முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றைத் தோவாளைப் பக்கத்து விவசாயியிடம் கேட்டால் தெரியும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது இம்மாவட்டத்தில் வாழைத் தோட்டங்கள் அப்படியே படுத்துவிட்டன. கன்று, உரம், கம்பு, கூலி, இந்த ஆபத்து எல்லாம் சேர்ந்ததுதான் நாம் சந்தையில் கேட்கிற விலை.

விலை ஏறி இறங்குவதற்கு இன்னொரு காரணம் ஓணம். ஆவணியில் வெட்ட வேண்டும் என்று கணக்கிட்டுப் புரட்டாசி, ஐப்பசியில் நடுகிறார்கள். உப்பேரிக்கும் சர்க்கரை வரட்டிக்கும் கேரளத்தில் கிராக்கி இருக்கும் வரை விலை நிற்கும். நம் குலையோடு போட்டியிட களக்காட்டிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் வயநாட்டிலிருந்தும் லாரி வரும். திருவோணம் கழிந்ததும் தேவை சட்டென்று குறையும். அந்த வாரத்தில் ஏத்தன் இருப்பு வைப்பது நட்டத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

மட்டிக்கு லாரி கிடையாது. திருவட்டாறு, கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் புரையிடத்திலும் விளையோரத்திலும் வளர்வதுதான் அதிகம். சாணமும் அடுப்புச் சாம்பலும் சருகும் அதற்குப் போதும். மண் ஈரமாக இருக்க வேண்டும். தண்ணீர் கட்டி நிற்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் செய்கிற பிழை, மூட்டில் முளைத்த கன்றையெல்லாம் விட்டுவைப்பது. ஒன்றிரண்டை விட்டு மீதியைப் பிடுங்காவிட்டால் குலை சிறுத்துவிடும். சரக்கு எடுக்கப் போகும்போது நம் வணிகர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அடுத்த குலை நமக்கே உதவும்.

ஆகவே மட்டிக்கு மொத்த ஏலம் ஒத்துவராது. பக்கத்து ஊர்களில் பத்து வீட்டோடு பழக்கம் வைத்து, ஒன்று விற்றபின் ஒன்றாக எடுப்பதே முறை. மேல் சீப்பு நிறம் மாறத் தொடங்கும்போது வாங்குங்கள். குலையைத் தரையில் அடுக்க வேண்டாம், தொங்கட்டும். நன்றாகக் கனிந்த சீப்பைப் பிடித்துத் தூக்கினால் பழம் கழன்று கையில் வரும். எனவே அதற்கு முன்பே சீப்பாக விற்றுவிட வேண்டும். ஏத்தனுக்கு இந்த அவசரம் இல்லை. தடித்த தோல் கறுத்தாலும் உள்ளே பழம் நன்றாகவே இருக்கும். வாடிக்கையாளருக்கு அதை எடுத்துச் சொல்லலாம். வறுவலுக்குக் கேட்பவருக்கு விளைந்த பச்சைக்காய் வேண்டும். பழுக்கத் தொடங்கிய காயில் மாவு சர்க்கரையாகிவிடுவதால் எண்ணெயில் கறுத்துப்போகும்.

கனிகிற வாழை எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. அது பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும். பழுத்த மட்டியை ஏத்தங்காய்க் கூடையின் மேல் வைத்தால் வறுவல் சரக்கு கெட்டது. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைக்கிறவர்களும் உண்டு. 13 டிகிரிக்குக் கீழே வாழைக்காய் சரியாகப் பழுக்காது, தோலும் கறுத்துவிடும்.

கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது 2011 உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. நம்மூரில் கைக்குழந்தைக்கு ஊட்ட மட்டி கேட்டுத்தான் தாய்மார்கள் கடைக்கு வருகிறார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு மாவட்டத்தில் நட்டால் இதே மணமும் சுவையும் வருவதில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் சிறப்பு. ஏலக்கியையோ கதலியையோ சுற்றுலாப் பயணியிடம் மட்டி என்று சொல்லிக் கொடுத்தால், அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது மட்டுமல்ல, 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி வழக்குக்கும் இடமாகும். உண்மையான மட்டி வைத்திருப்பவர்கள் செம்மட்டியா தேன்மட்டியா, எந்த ஊர்க் குலை என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிடலாம். சாக்குக்கட்டி ஒன்றுதான் செலவு.