திருவிழா முடிந்த ஊர்கள்



மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் நம்ம ஊர்த் திடலைப் பார்த்திருப்பீர்கள். பந்தக்கால் குழி இருக்கும், ராட்டினம் நின்ற தடம் இருக்கும், ஆள் இருக்காது. ஒலிம்பிக் என்ற பெரிய திருவிழா நடக்கிறதே, அது முடிந்த ஊரில் என்ன இருக்கும்? எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. "முடிஞ்சுபோன ஊர்ல போய்ப் பாக்க என்னடி இருக்கு?" என்று என் தோழி கேட்டாள். நூலகப் புத்தகங்களில் தேடிப் படித்தேன். நிறைய இருக்கிறது. நேரில் போக வசதி இல்லை. அதனால் அட்லஸில் விரலை வைத்துப் போவோம், வாங்க.

1. ஒலிம்பியா (கிரீஸ்)

முதலில் தாய் வீட்டுக்குப் போவோம். கி.மு. 776-இல் இங்கேதான் போட்டிகள் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். மைதானத்தில் நாற்காலி, மாடி எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் மண் மேடு, நடுவில் ஓடும் இடம், அவ்வளவுதான். வீரர்கள் கால் வைத்து நின்ற கல் வரிசை இன்னும் இருக்கிறது. வரும் பயணிகள் அதில் நின்றுவிட்டு ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்கிறார்கள். நீளம் சுமார் 192 மீட்டர். நம் பள்ளி கேட்டிலிருந்து சத்துணவுக் கூடம் வரை இரண்டு தடவை ஓடினால் ஏறக்குறைய அந்தத் தூரம் வரும். நானும் தோழியும் காலடியால் அளந்து பார்த்தோம்.

அந்தக் காலத்தில் திருமணமான பெண்கள் போட்டியைப் பார்க்கவே கூடாது. ஆனால் ஹீரா என்ற பெண் தெய்வத்துக்காகக் கன்னிப்பெண்கள் மட்டும் ஓடும் ஓட்டம் ஒன்று தனியாக அதே மைதானத்தில் நடந்திருக்கிறது. அவர்களுக்குத் தூரத்தில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார்கள். கணக்குப் போட்டால் 160 மீட்டர். எதற்குக் குறைத்தார்களோ! 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் நடந்தபோது குண்டு எறிதலை மட்டும் இந்தப் பழைய மைதானத்தில் வைத்தார்கள். பெண்களும் இங்கே குண்டு எறிந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

2. ஏதென்ஸ் (கிரீஸ்)

இந்த ஊரில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, 1896-இல் முதல் நவீன ஒலிம்பிக் நடந்த பளிங்குக்கல் மைதானம். அந்த வருடம் மாரத்தானில் முதலாவதாக ஓடி வந்தவர் ஸ்பிரிடான் லூயிஸ். மரூசி என்ற ஊரில் தண்ணீர் சுமந்து விற்றவர். 2004-இலும் மாரத்தான் ஓட்டம் இங்கேதான் வந்து முடிந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போனால் பயணிகளும் உள்ளே ஓடிப் பார்க்கலாம். நூறு வருடம் தாண்டியும் அந்த இடத்துக்கு உயிர் இருக்கிறது.

இன்னொன்று எல்லினிகோ. பழைய விமான நிலையம் இருந்த இடத்தில் 2004-க்காகப் புதிதாக மைதானங்கள் கட்டினார்கள். நம் நாட்டு ஹாக்கி அணி இங்கேதான் விளையாடியது. தன்ராஜ் பிள்ளைக்கு அது நான்காவது ஒலிம்பிக். போட்டி முடிந்ததும் மைதானங்களில் பலவற்றைப் பூட்டிப் போட்டார்கள். கிரீஸில் சாஃப்ட்பால், பேஸ்பால் விளையாடுகிறவர்களே குறைவு. அப்புறம் யார் வருவார்கள்? புல் முளைத்தது, இருக்கைகள் பாழாயின. போர் நடந்த நாடுகளிலிருந்து தப்பி வந்த அகதிகள் 2015-க்குப் பிறகு சில காலம் அங்கே தங்கினார்கள். பிறகு இடித்துவிட்டுப் புதுக் கட்டடங்கள் கட்ட ஆரம்பித்தார்கள்.

3. சரயேவோ (போஸ்னியா)

1984-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். திரெபெவிச் என்ற மலையில் பனிச்சறுக்கு வண்டி பாய்ந்து இறங்குவதற்குக் கான்கிரீட்டில் வளைந்து வளைந்து ஒரு பாதை கட்டினார்கள். எட்டு வருடம்தான் ஆனது. 1992-இல் போர் வந்துவிட்டது. நகரத்தைச் சுற்றி வளைத்தவர்கள் இந்தப் பாதையையே மறைவிடமாக்கிக்கொண்டு கீழே இருந்த ஊரைச் சுட்டார்கள். ஊருக்குள் இருந்த ஸெட்ரா என்ற விளையாட்டு அரங்கத்தின் மர இருக்கைகளைச் சவப்பெட்டி செய்ய எடுத்தார்களாம். பக்கத்துத் திடல் இடுகாடு ஆனது. இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

போருக்குப் பிறகு ஸெட்ராவைத் திரும்பக் கட்டி 1999-இல் திறந்தார்கள். மலைக்குப் போகும் கம்பிவட வண்டி 2018-இல் மறுபடி ஓடியது. சறுக்குப் பாதை முழுக்க இளைஞர்கள் வண்ணப் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். பயணிகள் அதற்குள்ளேயே நடந்து இறங்குகிறார்கள்.

4. மியூனிக் (ஜெர்மனி)

1972-இல் ஒலிம்பிக் நடந்தது. இரண்டாம் உலகப்போரில் இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் கொட்டி வைத்திருந்த மேட்டைப் புல்வெளிக் குன்றாக மாற்றிப் பூங்கா அமைத்தார்கள். அந்தப் போட்டியின்போதுதான் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு அங்கே நினைவிடம் உண்டு. வீராங்கனைகள் தங்கிய சின்னச் சின்ன வீடுகளைப் பிறகு கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பூங்காவில் ஊர்க்காரர்கள் ஓடுகிறார்கள், நடக்கிறார்கள். எல்லினிகோ பாழானதற்கும் இது பிழைத்ததற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஊர் ஜனங்களுக்குப் பயன்பட்டதால்தான் இது நிலைத்தது.

5. இட்டென் (கென்யா)

இங்கே ஒலிம்பிக் நடந்ததே இல்லை. ஆனால் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள் பலர் பயிற்சி எடுத்த சின்ன ஊர். ஊர் எல்லையில் "வெற்றி வீரர்களின் வீடு" என்ற பொருளில் எழுதிய வளைவு நிற்கிறது. உள்ளே போனால் செம்மண் ரோடுதான்! விடியற்காலையில் கூட்டம் கூட்டமாக ஓடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் பின்னாலேயே ஓடலாம் (முடிந்தவரை!).

1976-இல் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த அயர்லாந்திலிருந்து வந்தவர் கொலம் ஓ'கானல். ஓட்டப் பயிற்சி தருவதற்கு அவர் எங்கேயும் படித்தவர் இல்லை. பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அவரிடம் பயிற்சி பெற்ற டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். லோர்னா கிப்லகத் என்ற வீராங்கனை, ஓட விரும்பும் பெண்பிள்ளைகள் தங்கிப் பயிற்சி எடுக்க இங்கே ஒரு முகாம் கட்டினார்.

> உங்களுக்குத் தெரியுமா?
> இட்டென் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலத்தை விட (சுமார் 2,240 மீட்டர்) உயரம். உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் குறைவு. ஈடு கட்ட உடம்பு சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்கும். அங்கே பழகியவர்கள் சமவெளிக்கு வந்து ஓடினால் சீக்கிரம் களைக்க மாட்டார்கள்.

பயணம் முடிந்தது. பளிங்கு மைதானம், கான்கிரீட் மைதானம், செம்மண் ரோடு எல்லாம் பார்த்தோம். பாழாய்ப் போனது பணம் இல்லாததால் மட்டும் இல்லை, கால் வைக்க ஆள் இல்லாததால்தான்.

நம் பள்ளியிலும் மைதானம் இருக்கிறது. எட்டாவது வரைக்கும் ஓடினோம். ஒன்பதாவது வந்ததும் விளையாட்டு பீரியடில் மாணவிகள் நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நாங்களாகவே உட்கார்ந்துவிட்டோம். நீளம் தாண்டும் குழியில் நெருஞ்சி முளைத்துவிட்டது.

வரும் வெள்ளிக்கிழமை விளையாட்டு பீரியடில் அந்தக் குழியைச் சுத்தம் செய்யலாம் என்று நானும் என் தோழியும் முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வரவும். முடித்துவிட்டுக் கேட்டிலிருந்து சத்துணவுக் கூடம் வரை இரண்டு தடவை ஓடுவோம். மாணவிகளுக்கும் 192 மீட்டர்தான், குறைக்க மாட்டோம்!



– 9-ஆம் வகுப்பு மாணவி