விறகு கணக்கில் உண்டு, சுமந்தவர் இல்லை

ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் காலையில் சீமைக்கருவேலங் காட்டுக்குப் போய் விறகு வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் வீட்டு அடுப்புக்குத்தான், விற்பதற்கு அல்ல. அந்த விறகு இந்தியாவின் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் சேர்கிறது. வீடுகளில் எவ்வளவு விறகு எரிகிறது என்று நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கேட்டு, அதற்கு ஒரு விலை போட்டு, காட்டுப்பொருள் என்ற தலைப்பின்கீழ் ஏற்றிவிடுகிறார்கள். சாணத்துக்குக்கூடக் கால்நடைத் தலைப்பில் இடம் உண்டு. ஆனால் வேலைவாய்ப்பைக் கணக்கெடுக்க வருபவர் அதே பெண்ணின் பெயருக்கு எதிரே எழுதும் எண் 93. வீட்டு வேலையோடு விறகு, கீரை, மாட்டுத்தீவனம் முதலானவற்றைச் சொந்தத் தேவைக்குச் சேகரிப்பவர் என்று அதற்குப் பொருள். 93 வாங்கியவர் வேலையில் இருப்பவரும் அல்ல, வேலையில்லாதவரும் அல்ல. தொழிலாளர் படைக்கே வெளியில் நிற்பவர். இரண்டு கணக்கையும் போடுவது ஒரே அமைச்சகம்தான்.

வேலையின்மை விகிதம் என்றதும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவேடு ஞாபகத்துக்கு வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வேலையில் சேர்ந்த பிறகும் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பதியாமலே வேலை தேடி அலைபவர்களும் ஏராளம். விகிதம் பிறப்பது வீட்டு வாசலில். 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, 2025 முதல் மாதந்தோறும் முடிவு சொல்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2.7 லட்சம் வீடுகள். 140 கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு இது எந்த மூலைக்கு என்று தோன்றும். கணிப்பின் துல்லியம் எத்தனை வீடுகளைக் கேட்டோம் என்பதைப் பொறுத்தது. நாடு எவ்வளவு பெரியது என்பதை அது ஏறக்குறையப் பொருட்படுத்துவதே இல்லை. ஒரே நிபந்தனை, எந்த வீடு என்பதைக் கணக்கெடுப்பவர் தன் வசதிக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை நம்பாத அதிகாரிகளிடம் பல ஆண்டுகள் மல்லுக்கட்டித்தான் புள்ளியியலாளர் பி.சி.மகலனோபிஸ் 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கினார்.

குலுக்கல் சரியாக இருந்தாலும் கேள்வி சரியாக இருக்க வேண்டுமே. வாசலில் நடப்பது ஏறத்தாழ இப்படி:

“நீங்க வேலைக்குப் போறீங்களாம்மா?”

“இல்லைங்க, சும்மா வீட்லதான் இருக்கேன்.”

அவசரக்காரர் 92 என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு அந்த எண். விவரம் தெரிந்தவர் தொழுவத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பார்.

“மாட்டை யாரும்மா பாக்குறது?”

“நாந்தான்.”

“பாலு?”

“காலையில சொசைட்டிக்கு ஊத்திருவேன். கணக்கு அவரு பேர்ல இருக்கு.”

இப்போது எண் 21: குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுபவர். ‘சும்மா இருந்தவர்’ உழைப்பாளி ஆகிவிட்டார். அவர் வாழ்க்கையில் ஒன்றும் மாறவில்லை, இரண்டு கேள்வி கூடியிருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் தொழிலாளர் படையில் இருப்பவர்கள் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7 சதவீதம். ஆறே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய தாவலில் எவ்வளவு வாழ்க்கை மாறியதால் வந்தது, எவ்வளவு நன்றாகக் கேட்டதால் வந்தது என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கிராமப்புறத்தில் கூடியவர்களில் பெரும் பகுதியினர் சுயதொழில், குடும்ப உதவி என்ற கட்டங்களில் வந்திருக்கிறார்கள் என்பதால் எனக்கும் சந்தேகம் உண்டு.

யார் வேலையில்லாதவர் என்பதற்கு மாதக் கணக்கு வைத்திருக்கும் வரையறையைக் கேட்டால் பலருக்குக் கோபமே வரும். கடந்த ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். அந்த ஒரு மணி நேரமும் செய்யாமல், வேலை தேடியோ, கிடைத்தால் செய்யத் தயாராகவோ இருந்தவர்தான் வேலையில்லாதவர். ஆண்டுக் கணக்கின் வழக்கமான அளவுகோல் வேறு: கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தீர்கள், இடையில் 30 நாளாவது வேறு வேலை பார்த்தீர்களா என்று கேட்கும். இதனால்தான் 2023-24-க்கு 3.2 சதவீதம் என்றும் 2025 ஏப்ரலுக்கு 5.1 சதவீதம் என்றும் வந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து வேலையின்மை எகிறிவிட்டது என்று தலைப்புப் போடுவது தவறு. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஒரு மணி நேரம் என்பது அநியாயமாகத் தெரிந்தாலும் அதற்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் உண்டான பொருள் தேச உற்பத்தியில் ஏறுகிறது; அப்படியானால் அதை உண்டாக்கியவரும் உழைப்புக் கணக்கில் ஏற வேண்டும். விறகு சுமந்தவருக்கு மட்டும் அந்தத் தர்க்கம் பொருந்தாமல் போனதுதான் வேடிக்கை.

இன்னொன்றும் இருக்கிறது. ஏழை நாட்டில் வேலையின்மை விகிதம் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. வேலை தேடிக்கொண்டு சும்மா இருக்க ஒருவருக்கு வீட்டில் சோறு வேண்டும். இல்லாதவர் கிடைத்ததைச் செய்வார், அரை நாள் களை எடுப்பார், தள்ளுவண்டி தள்ளுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் விகிதம் மிகச் சிறியதாகவும் பட்டதாரிகளிடம் பல மடங்காகவும் இருப்பது இதனால்தான். பொருளாதார அறிஞர் எம்.எல்.தந்த்வாலா தலைமையிலான குழு 1970-லேயே சொல்லிவிட்டது: இந்தியா போன்ற நாட்டில் வேலையின்மையை ஒற்றை எண்ணில் அடைக்க முயல்வது வீண், ஆண்டு, வாரம், நாள் என்று பல அளவுகோல் வையுங்கள் என்று. வைத்தார்கள். செய்தித்தாள்கள் இன்றும் ஒற்றை எண்ணைத்தான் கேட்கின்றன.

உற்பத்திக் கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகக் கூடிய மதிப்பை மட்டும் எடுப்பதுதான் அதன் உயிர். உழவர் நெல்லை 100 ரூபாய்க்கு விற்கிறார், ஆலைக்காரர் அரிசியாக்கி 130-க்கு விற்கிறார், ஓட்டல்காரர் அதை இட்லியாக்கி 300-க்கு விற்கிறார் என்றால் மொத்தம் 530 அல்ல, 300 தான் (உழவரின் உரம், ஓட்டலின் எரிவாயு போன்றவற்றை விட்டுவிடுங்கள்). சூத்திரம் எளிது. ஆனால் அந்த நெல் எவ்வளவு விளைந்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லா உழவரிடமும் யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்டாலும் உண்மை வரும் என்று சொல்ல முடியாது. பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒன்று நடக்கிறது. குலுக்கலில் வந்த வயலில், தென்மேற்கு மூலையிலிருந்து, குலுக்கலில் வந்த எண்ணிக்கைப்படி நடந்து, முளையடித்து, கயிறு கட்டி, ஒரு சிறு சதுரம் பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர். அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு, காயவைத்தால் எவ்வளவு தேறும் என்று பார்க்கிறார்கள். 1940-களில் இந்தச் சதுரத்தின் அளவைப் பற்றி மகலனோபிஸுக்கும் இன்னொரு புள்ளியியலாளரான பி.வி.சுகாத்மேவுக்கும் பெரிய சண்டையே நடந்தது. மகலனோபிஸ் சிறு துண்டுகள் போதும் என்றார். துண்டு சிறிதானால் விளைச்சல் கூடுதலாகக் காட்டும் என்று சுகாத்மே நிரூபித்தார். எல்லைக் கயிற்றில் நிற்கும் பயிரை அறுப்பவரின் கை தன்னையறியாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். துண்டு சிறிதாக ஆக, பரப்போடு ஒப்பிட விளிம்பு அதிகம். கோடிக்கணக்கான டன் நெல் பற்றிய எண்ணில் அந்தக் கையின் ஆசை கலந்திருக்கிறது!

நெல்லையாவது எடை போடலாம். அரசுப் பள்ளி ஆசிரியர் என்ன உற்பத்தி செய்தார்? விற்பனை விலை இல்லாததால், அவருக்கு ஆன சம்பளமும் மற்ற செலவுமே உற்பத்தி. சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுப்பதாகப் பாவித்து அதையும் சேர்க்கிறார்கள். தெருமுனைத் தையல்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாருக்கும் கணக்குக் காட்டுவதில்லை என்பதால், எப்போதோ எடுத்த கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து, கணக்குக் காட்டும் பெரிய நிறுவனங்களின் போக்கை ஒட்டி நீட்டிக்கொண்டுபோவது நீண்ட நாள் வழக்கமாக இருந்தது. பெரியதும் சிறியதும் சேர்ந்து நடக்கும்வரை தொல்லையில்லை. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் ரொக்கத்தை நம்பிய சிறு தொழில்களை முதலில் அடித்தது. அந்த 2016-17 நிதியாண்டின் வளர்ச்சி முதலில் 7.1 சதவீதம் என்று சொல்லப்பட்டு, 2019 ஜனவரித் திருத்தத்தில் 8.2 ஆக உயர்ந்தது. அடி வாங்கியவர்கள் எண்ணுக்குள் எவ்வளவு இருந்தார்கள் என்று கேள்வி எழுந்தது இயல்புதானே.

இனி விறகு. 1940-களில் ஃபில்லிஸ் டீன் என்ற இளம் ஆய்வாளர், இன்றைய ஜாம்பியா, மலாவி பகுதிகளின் தேசிய வருமானத்தைக் கணக்கிட முயன்றார். லண்டனில் வகுத்த கட்டங்களோடு ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போனவர், பெண்கள் விறகு சேகரிப்பதையும் சமைப்பதையும் விட்டுவிட்டால் அந்த ஊர்களின் பொருளாதாரத்தில் பெரும்பகுதியைக் காணாமலடித்துவிடுவோம் என்ற முடிவுக்கு வந்தார். உலக நாடுகள் பின்பற்றும் தேசியக் கணக்கு விதிநூல் காலப்போக்கில் விறகை உள்ளே விட்டது, சமையலை விடவில்லை. பொருள் என்றால் உள்ளே, வீட்டாருக்கே செய்யும் சேவை என்றால் வெளியே. அதற்கு 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்லும் காரணங்களில் ஒன்று அருமையானது: வீட்டுச் சேவைகளையும் உற்பத்தி என்று ஏற்றால், வயதுவந்த எல்லோருமே உழைப்பாளர் ஆகிவிடுவார்கள், வேலையின்மை என்பதே இல்லாமல் போய்விடும்! ஒரு கணக்கைக் காப்பாற்ற இன்னொரு கணக்குக்கு வேலி போட்டிருக்கிறார்கள்.

வேலிக்கு வெளியே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இந்தியா 2019-லும் 2024-லும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணிவரை, அரை மணி அரை மணியாக, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். 2024-ல் வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்கு 289 நிமிடம்; செய்த ஆண்கள் 88 நிமிடம். வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 27 பேர்தான்.

2025-ல் ஏற்கப்பட்ட புதிய விதிநூலும் வேலியை நகர்த்தவில்லை. தனியாக ஒரு துணைக் கணக்கு போட்டுக்கொள்ளலாம் என்கிறது. போடுவதென்றால் விலை வேண்டும். இந்த வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலி என்று பார்ப்பது ஒரு வழி. இந்த நேரத்தில் அவர் வெளியே போயிருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் போனால் மென்பொருள் பொறியாளர் வைக்கும் சாம்பாருக்கு, அவர் வீட்டில் சமைக்க வரும் அம்மா தன் வீட்டில் வைக்கும் சாம்பாரைவிடப் பல மடங்கு விலை வரும், ருசி எப்படி இருந்தாலும்.