உப்புக் காற்றில் ஒரு குட்டிக் கார்

பொம்மைக் கடையில் கிடைக்கும் ரிமோட் காரும், பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்கள் வாங்கும் ஆர்.சி. காரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பொம்மையில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் அதோடு சரி. உள்ளே எல்லாவற்றையும் ஒரே பலகையில் பற்றவைத்து மூடியிருப்பார்கள். ஆர்.சி. காரில் மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, ரிசீவர், பேட்டரி எல்லாம் தனித்தனி. எதையும் கழற்றலாம், மாற்றலாம்.

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷ 934 காரை 1/12 அளவில் ரேடியோவால் ஓடும்படி செய்து விற்றது. அளவுகள் பிசகக் கூடாது என்று ஒரு நிஜ போர்ஷ 911 காரையே வாங்கி அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். 1984-இல் அவர்கள் கொண்டுவந்த கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் வண்டிகள் இருபது ஆண்டுகள் கழித்து மறுபடி விற்பனைக்கு வந்தன. அதனால் நாற்பது வயது வண்டிக்கும் உதிரிபாகம் கிடைக்கிறது. ஆகவே பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது எத்தனை வருடம் ஓடியது என்று கேட்பதற்கு முன், அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் கை உடைந்தால் புதிதாக வாங்க முடியுமா என்று விசாரியுங்கள். முடியாது என்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடலாம்.

புதியது வாங்குவது நம் நாட்டில் எளிதாக இல்லை. இறக்குமதிப் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. நல்ல வண்டிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. செகண்ட் ஹேண்ட் வண்டிகளுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

பலமுறை மோதிய வண்டியை எப்படி நம்புவது என்ற தயக்கம் பலருக்கும் வரும். இயற்பியல் இந்த இடத்தில் குட்டிக் காரின் பக்கம் நிற்கிறது. ஒரு காரை எல்லாப் பக்கமும் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் பாரத்தைத் தாங்கும் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு நூறில் ஒன்றாக மட்டுமே குறையும். எடையோடு ஒப்பிட்டால் சிறிய வண்டி பத்து மடங்கு உறுதியானது. கலிலியோ 1638-இலேயே எழுதிவைத்த கணக்கு இது. நிஜக் கார் உருக்குலைந்து போகும் உயரத்திலிருந்து குதித்தும் 1/10 வண்டி ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். அடிபட்ட வண்டியில் சேசிஸ் பெரும்பாலும் தப்பிவிடும். போவதெல்லாம் சின்னப் பாகங்கள். (எதிரே இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒன்றரை கிலோ வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கணுக்காலில் மோதினால் எலும்பு முறியலாம். பிள்ளைகள் விளையாடும் தெருவில் ஓட்டவே கூடாது.)

சென்னையின் கடலோரக் கொட்டிவாக்கத்தில் வண்டியைத் தின்பது மோதல் அல்ல, உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சில தெருக்கள் கிழக்கே நடந்தால் கடல். மணலைப் பார்த்தால் ஓட்டாமல் இருக்க முடியாதுதான். ஆனால் அலைத்துளியிலும் மணலிலும் இருப்பது வெறும் சோடியம் குளோரைடு அல்ல, மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்தது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு ஏறக்குறைய 33 சதவீதமே போதும். சென்னைக் காற்று அவ்வளவு வறண்டு போவது அபூர்வம். சமையலறையில் கல் உப்பு ஜாடி கசிந்து கிடப்பதும் இதே காரணத்தால்தான். ஆக, ஒருமுறை கடற்கரையில் ஓடி, கழுவாமல் அலமாரிக்குப் போன வண்டியின் பேரிங் அங்கேயும் மெல்லிய உப்புநீர்ப் படலத்தில் ஊறிக்கொண்டே இருக்கிறது. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பது மின்கருவிகளைப் பற்றிய பேச்சு. பேரிங்குக்கும் ஸ்க்ரூவுக்கும் அது பொருந்தாது.

எனவே பழைய வண்டியைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுழற்றிக் காதருகே வையுங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. பேரிங்கை மாற்றுவது பெரிய செலவில்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம். ஸ்க்ரூ தலைகளில் துரு மண்டிக் கிடந்தால் அது வேறு விஷயம். அந்த வண்டியைக் கழற்றவே முடியாது. கழற்ற முடியாத ஆர்.சி. கார் வெறும் பொம்மை. சக்கரங்களைத் தாங்கும் நைலான் கைகளை லேசாக வளைத்துப் பாருங்கள். நைலான் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி இளகும் பொருள். இரும்பை அரிக்கும் சென்னையின் புழுக்கம் அதற்கு நல்லதே செய்கிறது. வெயில்தான் எதிரி. மொட்டை மாடியிலோ ஜன்னலோரத்திலோ கிடந்த வண்டியின் நைலான் புற ஊதாக் கதிரால் வெளிறி, வளையாமல் பட்டென்று உடையும்.

மோட்டாரைத் தனியே பார்க்க வேண்டும். சிறு வயதில் மணலில் காந்தத்தை இழுத்து, மீசை போல ஒட்டிய கரும்பொடியைச் சேர்க்காதவர் நம்மில் குறைவு. அதில் பெரும்பங்கு மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம். சென்னைக் கடற்கரை மணலில் கறுப்பு வரிகளாகத் தெரிபவற்றிலும் அது கலந்திருக்கிறது. மோட்டாருக்குள் இருப்பதோ வலுவான காந்தம். காற்றோட்டத் துளையுள்ள, கார்பன் பிரஷ் வைத்த மோட்டாரை அந்த மணலில் ஓட்டினால் பொடி உள்ளே போய் ஒட்டிக்கொண்டு தேய்க்கும். துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடை வந்தால் சுருள் சூடேறிக் கெட்டிருக்கிறது.

மணலில்தான் ஓட்டப்போகிறேன் என்கிறவர் மூடிய உறைகொண்ட பிரஷ்லெஸ் மோட்டாருக்குப் போகலாம். ஆனால் 3,300 கேவி (அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3,300 சுற்று) மோட்டாரை 7.4 வோல்ட்டில் இணைத்தால், பளு இல்லாதபோது நிமிடத்துக்கு 24,000 சுற்றுக்கு மேல் சுழலும். முதல் வண்டிக்கு அவ்வளவு வேகம் வேண்டாம். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 1/10 பக்கி (மேடு பள்ளத்தில் ஓடும் வண்டி), பிரஷ் மோட்டாரோடு, செகண்ட் ஹேண்டில், கடலை விட்டுத் தள்ளி ஒரு காலி மைதானத்தில். என் பரிந்துரை இதுதான். தரையோடு ஒட்டி ஓடும் ரேஸ் கார் நம் தெருக்களின் மேடு பள்ளத்தில் வயிறு தட்டும்.

மணலுக்குப் போனால் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பேரிங்குகளுக்கு எண்ணெய் விட வேண்டும். இந்தப் பகுதியில் சில வீட்டு போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அது உதவாது. இன்னொரு கவனமும் வேண்டும்: ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து அந்த முட்டைகளைக் காக்கிறார்கள். கடலுக்குப் போகும் குஞ்சுகளை வெளிச்சம் திசை திருப்பிவிடும். இருட்டிய பிறகு விளக்கு பூட்டிய வண்டியோடு அங்கே போகாதீர்கள்.

ரேடியோவைப் பற்றி அதிகக் கவலை தேவையில்லை. பழைய வண்டிகள் 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கின. பக்கத்தில் அதே அலைவரிசையில் இன்னொரு வண்டி வந்தால் இரண்டும் குழம்பும். இந்தியாவில் 2005-இல் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ரிமோட்டும் ரிசீவரும் சேர்த்து வாங்கிப் பொருத்திவிட்டால் போதும்.

பேட்டரியை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. வண்டியோடு இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். அந்த நிலையிலேயே சென்னை வெயில் காலத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி, உறை உப்பும். முந்தையவர் அதை எப்படி வைத்திருந்தார் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. புதியதை வாங்கி, ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். ஒவ்வொரு செல்லையும் தனியாகச் சமன்செய்யும் சார்ஜரில், டைல்ஸ் தரைமேல், கண் முன்னால் சார்ஜ் செய்யுங்கள். உப்பிப்போனதைக் குத்திப் பார்க்காமல், வீட்டுக் குப்பையிலும் போடாமல், மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.