கையெழுத்து மட்டும் வாங்கினோம்!

நான் திருச்சி உறையூரில் வசிக்கும் 63 வயது இல்லத்தரசி. போன வாரம் எங்கள் எதிர் வீட்டுப் பெண் சாயங்காலம் பூ வாங்க வந்தபோது, "ஆன்ட்டி, மாமாவோட பழைய பைக்கைப் போட்டுட்டு ஒரு மின்சார ஸ்கூட்டர் எடுக்கப் போறோம். சும்மா வாசலை அடைச்சிக்கிட்டு நிக்குது" என்றாள். மாமா என்று அவள் சொன்னது தன் மாமனாரை. "அவரைக் கேட்டியாம்மா?" என்றேன். "அவரைக் கேட்டா ஒத்துக்கவே மாட்டார். அவர் ஊருக்குப் போயிருக்கிற நேரமாப் பார்த்து முடிச்சிடணும்" என்று சிரித்தாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2010-ல் நானும் இதே மாதிரி சிரித்தவள்தான். அதைச் சகோதரிகளிடம் சொல்லிவிட்டால் மனபாரம் கொஞ்சம் குறையும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கணவர் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். 1984-ல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் மாமியார் பெருமையாகச் சொன்ன முதல் விஷயம், "பையனுக்கு பஜாஜ் ஸ்கூட்டர் புக் ஆகியிருக்கு" என்பதுதான். வண்டி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், புக்கிங் மட்டும்தான்! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது. அப்போதெல்லாம் முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு 1986-ல்தான் கடிதம் வந்தது. அப்போது என் மூத்த பையனுக்கு ஒரு வயது. பாக்கிப் பணத்துக்கு என் கல்யாண வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின.

வெளிர் நீல நிறத்தில் சேத்தக். ராணா பிரதாப்பின் குதிரைப் பெயர் அது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். ஷோரூமிலிருந்து நேராக வெக்காளியம்மன் கோயிலுக்குத்தான் கொண்டு வந்தார். மேலே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற அம்மன் அவள். அவள் சந்நிதி முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன் சக்கரத்துக்குச் சந்தனம் வைத்தது நேற்று நடந்தது போல இருக்கிறது.

அந்த வண்டிதான் எங்கள் குடும்பம். முன்னால் பையன் நின்றுகொள்வான். எங்கள் இருவருக்கும் நடுவில் மகள். பின்னால் ஒருக்களித்து நான். என் மடியில் சாப்பாட்டுக் கூடை. குடமுருட்டிப் பாலம் தாண்டி, ஜீயபுரம் வழியாக முக்கொம்புக்குப் போவோம். வலதுகைப் பக்கம் காவிரி கூடவே வரும். காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, காந்தி மார்க்கெட் காய்கறி எல்லாம் காலடிப் பலகையில்தான். என் மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், பேரனைப் பார்க்க என் மாமியாரை உட்கார வைத்துக் கூட்டிப் போனதும் அதே வண்டியில்தான்.

1989-ல் தூர்தர்ஷனில் அந்தக் கம்பெனி விளம்பரம் வரும்போதெல்லாம் என் பையன், "நம்ம வண்டி! நம்ம வண்டி!" என்று குதிப்பான். ஊரில் பாதி வீட்டு வாசலில் அதே வண்டி நின்றதெல்லாம் அவனுக்குக் கணக்கில்லை.

குறை இல்லாத வண்டியா என்றால், இல்லை. காலையில் அவ்வளவு சுலபமாகக் கிளம்பாது. சோக்கை இழுத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி, நாலைந்து உதை உதைத்தால்தான் கனைக்கும். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து போடவேண்டும். ஒரு கலவை பிசகினால் தெருவே புகை. வண்டி வழியில் நின்றால் இறங்கி பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டுவார். அதுவரை நான் இடுப்பில் பிள்ளையோடு மரத்தடியில் நிற்பேன். எத்தனை கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து போய்ச் சேர்ந்திருக்கிறோம் தெரியுமா! நானும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும் ஒரு பழைய வேட்டித் துணி, ஸ்பேனர் பை, ஒரு வாளித் தண்ணீரோடு வாசலுக்குப் போய்விடுவார். பிளக்கைத் துடைப்பார், பிரேக்கைப் பார்ப்பார், கிளட்ச் ஒயரை இழுத்துக் கட்டுவார். அதைப் பார்த்து இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வண்டியையும் தள்ளிக்கொண்டு வருவார்கள். தெருப் பையன்கள் சுற்றி உட்காருவார்கள். "சார், என் வண்டி மூணாவது கியர் விழ மாட்டேங்குது", "சார், ரிசர்வ்ல எவ்வளவு தூரம் ஓடும்" என்று பேச்சு நடக்கும். நான் மூன்று தடவை காபி போட வேண்டியிருக்கும். 'ஞாயிற்றுக்கிழமை கூட வீட்டுக்கு ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவதில்லை' என்று நான் முணுமுணுப்பேன்.

2010-ல் ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே மூட்டு தேய்மானம். உதைத்து ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் ஒருக்களித்து உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலி. அந்தக் கம்பெனி அப்போது ஸ்கூட்டர் செய்வதையே விட்டுவிட்டதால், உதிரி பாகங்களுக்குப் பழைய கடைகளில் அலைய வேண்டியிருந்தது. சென்னையில் வேலை பார்த்த பையன், "அம்மா, ஆயுத பூஜைக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போட்டிருக்காங்க. பட்டனை அழுத்தினா ஸ்டார்ட் ஆகிற வண்டி. கியரும் இல்லை. நீகூட ஓட்டலாம்" என்றான். எனக்கும் ஆசை வந்தது.

புது வண்டி வாங்கப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். பழையதைக் கொடுத்துத்தான் வாங்குகிறோம் என்பதை மட்டும் நாங்கள் சொல்லவில்லை. 'சொன்னால் மறுப்பார், பண்டிகை நேரத்தில் எதற்கு மனஸ்தாபம்' என்று நான்தான் பையனிடம் சொன்னேன். கடன் பாரங்களோடு சேர்த்து அந்தப் பாரங்களையும் நீட்டி, "அப்பா, இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு" என்றான் அவன். வங்கியில் முப்பது வருஷம் ஊரார் பத்திரத்தையெல்லாம் வரி வரியாகப் படித்த மனிதர், பெற்ற பிள்ளை நீட்டியதைப் படிக்காமல் போட்டுக் கொடுத்தார்.

பூஜைக்கு முதல் நாள் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவர் வழக்கம்போல சந்தனம், குங்குமம், இரண்டு சின்ன வாழைக்கன்று வாங்கி வைத்திருந்தார். மத்தியானம் பளபளவென்று புது வண்டி வந்தது. பழைய வண்டிக்கு 4,000 ரூபாய் கழித்தார்கள். அவர் தெருவை எட்டிப் பார்த்தார். "அது எங்கே?" என்றார். சொன்னோம். "ஓ... சரி" என்றார். அவ்வளவுதான். புது வண்டிக்குச் சந்தனம் வைத்து, வாழைக்கன்றைக் கட்டினார். ஒரு குறையும் வைக்கவில்லை. 'நல்லவேளை, சண்டை போடவில்லை' என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தி அப்படி!

புது வண்டியை நான் குறை சொல்லமாட்டேன். 48 வயதில் அதில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன். ரேஷன் கடை, கோயில், மகள் வீடு என்று யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்தேன். ஆனால் அதில் கழற்றித் துடைக்க ஒன்றுமில்லை. எதுவென்றாலும் சர்வீஸ் சென்டர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார ஆரம்பித்தார். தெருப் பையன்கள், "சார், வண்டி எங்கே?" என்று கேட்டதற்கு, "எனக்கு மாதிரி அதுக்கும் ரிட்டயர்மென்ட் ஆயிடுச்சுப்பா" என்றார். நாளடைவில் அவர்கள் வருவதும் நின்றது. வாசலில் பேச்சுக்குரல் இல்லை. மூன்று தடவை காபி போட வேண்டியதில்லை. நான் விற்றது வெறும் இரும்பை இல்லை, அவருடைய ஞாயிற்றுக்கிழமையை என்று எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

2013 தை மாதம் குளித்தலைப் பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. எங்கள் பழைய வண்டி ஒரு பெரியவர் மேல் உரசிவிட்டதாம். காயம் பெரிதில்லை. ஆனால் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, பதிவு 2011-லேயே முடிந்துவிட்டது, ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் இடத்தில் இருந்தது என் கணவர் பெயர்! மூன்று கை மாறியும் ஒருவரும் பெயர் மாற்றவில்லை.

அவருக்குக் கை நடுங்கிவிட்டது. "நான் எப்ப விற்றேன்? எதுல கையெழுத்துப் போட்டேன்?" என்று கேட்டார். தேதிகூடப் போடாத பாரங்களில் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததை அன்றுதான் முழுசாகச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்கிட்ட சொல்லியிருந்தா நானே எடுத்துக்கிட்டுப் போய்க் கொடுத்திருப்பேனே" என்றார்.

அவர் விற்கக் கூடாது என்று நினைக்கவே இல்லை சகோதரிகளே. தன் கையால் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருக்கிறார். அது எனக்கு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியும் தெரியாமல் போயிற்றே!

நல்லவேளையாக, ஷோரூமில் கொடுத்த எக்ஸ்சேஞ்ச் ரசீதை பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். பஸ் பிடித்து இரண்டு பேரும் போனோம். ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பிரஷ்ஷால் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். முன் பெட்டி மூடிக்கு அவர் சுற்றிக் கட்டிய செம்புக் கம்பி மட்டும் அப்படியே இருந்தது. கைக்குட்டையை எடுத்து சீட்டின் தூசியைத் துடைத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வண்டியை வைத்திருந்தவர் வாழைத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர். இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு போகத்தான் வாங்கியிருக்கிறார். அடிபட்ட பெரியவரின் வைத்தியச் செலவை அவரே கொடுத்து, ஸ்டேஷனிலேயே சமாதானம் ஆயிற்று. "ஐயா, வேணும்னா நீங்களே எடுத்துக்குங்க" என்றார் பயந்துபோய். இவர், "வேண்டாம்ப்பா, உனக்குப் பிழைப்பு. பேரை மட்டும் மாத்திக்க" என்றார். அபராதம், பசுமை வரி, பதிவு புதுப்பிப்பு எல்லாவற்றுக்கும் அந்த மனிதரோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இவரே நடந்தார். கடைசி நாள், வீட்டிலிருந்து எடுத்துப் போன இரண்டாவது சாவியையும் ஸ்பேனர் பையையும் கொடுத்து, "சோக்கைப் போட்டா மறக்காம உள்ளே தள்ளிடு. பிளக்கை வாரம் ஒருதரம் துடை" என்று சொல்லிவிட்டு வந்தார். திரும்பும்போது பஸ்ஸில் திருச்சி வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு புது வண்டியை ஞாயிற்றுக்கிழமை துடைத்தார் என்று எழுதினால் சினிமாக் கதை மாதிரி இருக்கும். துடைக்கவில்லை. அந்த வேலை என்னுடையதுதான். ஆனால் இன்று வரை அந்த வண்டியைப் பற்றி என்னிடம் பேசுகிறார். அது எனக்குப் போதும்.

இதில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி விற்கிறவர் 14 நாளுக்குள் படிவம் 29 மூலமாக ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 30. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள். தேதி, வாங்குபவர் பெயர், முகவரி எல்லாம் எழுதிய பிறகு கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இப்போது பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பெயர் மாறிவிட்டதா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

படிவத்தை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. பழைய வண்டியோ, தையல் மெஷினோ, கிரைண்டரோ, வீட்டில் எதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாலும், அதைப் புழங்கியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மறுப்பார்களே என்று பயப்படாதீர்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பிறகு அவர்களே துடைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

எதிர் வீட்டுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி ஆன்ட்டி, மாமா ஊர்லேருந்து வரட்டும்" என்றிருக்கிறாள். நாளை மறுநாள் வருகிறார். அவளே கேட்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உறையூர், திருச்சி.