டைல்ஸுக்குப் பின்னால் நிற்கும் சட்டம்

குளியலறையைப் புதுப்பிக்கக் கிளம்புபவர்கள் சுவரில் தொங்கும் கழிப்பறைக் கோப்பையான வால் ஹங் கிளாசட்டைக் கடையில் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: கனமான ஆள் உட்கார்ந்தால் பெயர்ந்து விழுந்துவிடாதா? நியாயமான பயம். பீங்கான் தரையைத் தொடுவதே இல்லை. கண்ணுக்குப் படுவது இரண்டு போல்ட்டுகள் மட்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். உட்காருபவரின் எடை சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டுகளுக்கும், அவற்றுக்குக் கீழே பீங்கான் சுவரை அழுத்தும் இடத்துக்கும் நடுவே 20 சென்டிமீட்டர். அப்படியென்றால் 80 கிலோ ஆள் உட்காரும்போது போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை 160 கிலோவுக்குச் சமம். அதே விசையோடு கீழ்ப்பகுதி சுவரை உள்ளே தள்ளுகிறது. நாலரை அங்குலச் செங்கல் சுவரை மட்டும் நம்பி இதை விட முடியாது. எனவே டைல்ஸுக்குப் பின்னால் ஓர் இரும்புச் சட்டம் நிற்கிறது. அதன் கால்கள் கான்கிரீட் தளத்திலும் மேல்பகுதி பின்சுவரிலும் முடுக்கப்படுகின்றன. சுமையைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 997-இன் சோதனையில் இத்தகைய கிளாசட் 400 கிலோவைத் தாங்கியாக வேண்டும்.

சட்டத்தின் மேல்பாதியில் தண்ணீர்த் தொட்டி. சுவருக்குள் மறையும் தொட்டியை சுவிட்சர்லாந்தின் கெபெரிட் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்தது. சிறிய, பெரிய என்று இரண்டு பொத்தான்கள் வந்த கதை வேறு நாட்டுக்குரியது. தண்ணீர்த் தட்டுப்பாட்டை நன்கு அறிந்த ஆஸ்திரேலியாவில், கரோமா நிறுவனத்தின் புரூஸ் தாம்சன் 1980-இல் வடிவமைத்தது அது. முதலில் 11 லிட்டரும் ஐந்தரை லிட்டரும் செலவழித்த அந்த ஏற்பாடு பின்னர் 6, 3 லிட்டருக்கு இறங்கியது.

புதுப்பிக்கும் வேலையில் பிளம்பருக்குச் சோதனை வைப்பது பழைய கழிவுக் குழாய்தான். தரையில் பதித்த பழைய கிளாசட்டின் கழிவு பெரும்பாலும் நேராகத் தளத்துக்குள் இறங்கும். புதியதிலோ அது படுக்கைவாட்டில் சுவருக்குள் போகிறது. வழக்கமாகத் தரையிலிருந்து 22 சென்டிமீட்டர் உயரத்தில். சுவருக்கு அந்தப் பக்கமே குழாய்கள் இறங்கும் டக்ட் இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் பழைய துளையை மூடி, தளத்தைக் கொத்தி, புதிய குழாயை ஒரு மீட்டருக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வாட்டத்தோடு ஓட்ட வேண்டும். திருப்பத்தில் ஒரே 90 டிகிரி எல்போவைப் போடுவதைவிட 45 டிகிரியில் இரண்டைப் போடுவது நல்லது. கழிவு முட்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

22 சென்டிமீட்டர் என்பது எந்தத் தரையிலிருந்து? அதிகம் தப்பு நடக்கும் இடம் இது. டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு இருக்கப்போகும் தரையிலிருந்துதான் அளக்க வேண்டும். பழைய டைல்ஸின் மேலேயே புதியதை ஒட்டும் வீடுகளில் தரை ஓரிரு சென்டிமீட்டர் ஏறிவிடும். அதைக் கணக்கில் எடுக்காமல் சட்டத்தை முடுக்கினால் இருக்கை அந்த அளவு தாழ்ந்துபோகும். அதனால் கொத்தனாரும் பிளம்பரும் ஒன்றாக நின்று, முடிந்த தரைக்கு மேலே ஒரு மீட்டரில் சுவரில் கோடு போட்டுக்கொள்வது அவசியம். பல சட்டங்களில் அந்தக் கோட்டோடு பொருத்திப் பார்க்கவே ஓர் அடையாளம் இருக்கிறது. அதன் பிறகு ரசமட்டம்.

இட மிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டத்தை மறைக்கக் கட்டும் சிறு சுவர் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை அறையைத் தின்னும். குறுகிய குளியலறையில் கிடைக்கும் உண்மையான லாபம், கீழே துடைப்பம் தடையின்றிப் போய்வருவதுதான்.

சுவரை மூடுவதற்கு முன் தொட்டியை நிரப்பி, பல தடவை தண்ணீர் விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவி ஈரம் பார்க்க வேண்டும். குழாய்கள் ஓடும் பாதையைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிற்பாடு டிரில் போடும்போது உதவும்.

டைல்ஸ் காய்ந்த பிறகு வருவது பொறுமை கேட்கும் வேலை. தண்ணீர் வரும் குழாய், கழிவு போகும் குழாய் இரண்டின் முனைகளும் பீங்கானோடு சரியான ஆழத்துக்குப் பொருந்த வேண்டும். அளந்து, குறியிட்டு, வெட்ட வேண்டும். குட்டையாக வெட்டினால் கசிவு. நீளமாக விட்டால் பீங்கான் சுவரோடு சேராது. நடுவில் மெல்லிய ரப்பர் விரிப்பு ஒன்றும் வைக்கிறார்கள். மேடுபள்ளமான டைல்ஸில் பீங்கான் நேரடியாக அழுந்தினால் விரிசல் விடும்.

தொட்டி பழுதானால் சுவரை இடிக்க வேண்டியிருக்குமோ என்ற கவலை வேண்டாம். பொத்தான் பலகையைக் கழற்றினால் கை நுழையும் அளவு திறப்பு இருக்கிறது. தண்ணீரை அடைக்கும் வால்வு, மிதவை, அடி வாஷர் எல்லாம் அந்த வழியாகவே வெளியே வரும். உப்புத்தண்ணீர் ஓடும் வீடுகளில் வாஷரில் சுண்ணாம்பு படிந்து, கோப்பைக்குள் நீர் சன்னமாக வழிந்துகொண்டே இருக்கும். தொட்டியில் கொஞ்சம் வண்ணப்பொடி கரைத்து, அரைமணி நேரம் பொத்தானைத் தொடாமல் விட்டால் கோப்பையில் நிறம் தெரிந்துவிடும். வாஷரை எடுத்து வினிகரில் ஊறவைத்துக் கழுவிப் போடலாம். தேய்ந்திருந்தால் அதே மாடலுக்கான புதிய வாஷரை வாங்கி மாட்ட வேண்டும்.