சதுரங்கத்தில் முந்திக்கொண்ட பின்

சதுரங்கம் பயிலும் மாணவர் பலரிடம் ஒரு முறைப்பாடு உண்டு. "தொடக்கத்தில் என் ஆட்டமே மேலோங்கி நின்றது, பின்னர் எவ்வாறு தோற்றேன் என்பது விளங்கவில்லை" என்பர். தாம் பெற்ற மேன்மை எத்தகையது என்பதை அவர்கள் ஆராய்வதில்லை. எதிரியின் கோட்டையொன்றை வெட்டினால் அந்த இலாபம் இறுதிவரை நிலைக்கும். எதிரியினும் விரைவாகக் காய்களைக் களத்துக்குக் கொணர்ந்ததனால் வரும் மேன்மையோ வெயிலில் வைத்த பனிக்கட்டி போன்றது. எதிரிக்கு மூன்று நகர்வுகள் ஓய்வு கிடைத்தால் அவனும் தன் காய்களை வெளியே எடுத்துவிடுவான். பின்பு இருவரும் சமமே.

1858ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து இசைநாடக அரங்கொன்றில் நிகழ்ந்த ஆட்டம் இதற்கு நல்ல பாடமாகும். மேடையிலே பாட்டு நடக்க, பிரன்ஸ்விக் கோமகனின் தனி மாடத்திலே சதுரங்கப் பலகை விரிக்கப்பட்டது. கோமகனும் இசுவார் பிரபுவும் கூடி ஆலோசித்து ஒரு பக்கம் ஆடினர். அவர்களை எதிர்த்துத் தனித்து ஆடியவர் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தவரான போல் மோர்பி, வயது 21. பலகையை அருகில் வைத்துக்கொண்டு மேலே வாசித்தல் நலம்.

இரு பக்கத்தாரும் அரசனின் காலாளை இரு கட்டம் தள்ளினர். மோர்பியின் குதிரை அக்காலாளைத் தாக்க, எதிரணியினர் இராணியின் காலாளை ஒரு கட்டம் நகர்த்தித் துணை வைத்தனர். மோர்பி தம் இராணியின் காலாளை இரு கட்டம் செலுத்தினார். எதிரணியினர் மந்திரியை அனுப்பி அவரது குதிரையைக் கட்டினர். இதுவே பிழை. மோர்பி காலாளை வெட்டியதும், மீள வெட்டினால் இராணிகள் மாறிக் காலாளொன்று பறிபோகும் என்று கண்டு, அம்மந்திரியைக் குதிரைக்கு ஈடாகக் கொடுத்தனர். இருமுறை நடந்த காய் பலகையை விட்டே மறைந்தது. அதை வெட்டிய வெள்ளை இராணியோ களத்தில் வந்து நின்றது.

மோர்பி ஒரு மந்திரியை இறக்கினார். எதிரணியினர் ஒரு குதிரையைக் கொணர்ந்தனர். மோர்பி இராணியைத் திருப்பவே, எதிரணியின் இரு காலாள்கள் ஒருங்கே இடருற்றன. ஒன்றைக் காக்க அவர்கள் தம் இராணியை அரசனுக்கு முன் நிறுத்தி, தம் மந்திரியின் வழியைத் தாமே அடைத்துக்கொண்டனர். மற்றைக் காலாளை மோர்பி எடுத்திருக்கலாம். எடுத்தால் எதிர் இராணி 'செக்' கூறி இராணிகளை மாற்றிக்கொள்ளும். ஒரு காலாள் மிகுதியுடன் நெடிய ஆட்டம் தொடரும். அதுவும் வெல்லும் வழியே என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மோர்பி காலாளை விட்டு, இரண்டாவது குதிரையை இறக்கினார். பின்னர் இரண்டாவது மந்திரியையும் இறக்கினார். 1886இல் முதல் உலக வெற்றிவீரரான ஸ்டைனிட்ஸ், மேன்மை பெற்றவன் தாக்கியே ஆக வேண்டும், இல்லையேல் அது கைநழுவும் என்பதை விதியாகவே வகுத்தார்.

இப்போது எதிரணியினர் காலாளொன்றைத் தள்ளி முதல் மந்திரியை விரட்டினர். இங்கே தாளை மூடிவிட்டுச் சற்றே சிந்தியுங்கள். நம்மவர் பெரும்பாலும் மந்திரியைப் பின்வாங்கி, எதிரிக்கு ஒரு நகர்வை இனாமாகக் கொடுப்பர். மோர்பி குதிரையைப் பலியிட்டு, இரு காலாள்களை வாங்கி, அரசனுக்குச் 'செக்' கூறினார். முந்தியவனுக்குத் திறந்த வழிகள் வேண்டும். காய்களை இன்னும் எடுக்காதவனுக்கோ அடைத்த வழியே அரண்.

எதிரணியினர் ஒரு குதிரையை இடையிலே நிறுத்தினர். மோர்பி இராணிப் பக்கம் கோட்டை கட்டினார். ஒரே நகர்வில் அரசனுக்குக் காப்பும் கோட்டைக்கு வேலையும் கிடைத்தன. எதிரணியின் கோட்டை துணைக்கு வந்தது. வெள்ளைக் கோட்டை அக்குதிரையை வெட்டி மாண்டது. அதுவரை உறங்கிய மற்றக் கோட்டை உடனே அதே நிரைக்கு வந்தது. எதிர் இராணி விலகி, இராணி மாற்றத்துக்கு அழைத்தது, காலம் கடந்துவிட்டது. மந்திரி கோட்டையை வெட்டிச் 'செக்' கூற, குதிரை மந்திரியை வெட்டியது. மோர்பி தம் இராணியையே கடைசிக் கட்டத்தில் பலியாக வைத்தார். குதிரை அதை வெட்டுவதன்றி வேறு வழியில்லை. வெட்டியதும் கோட்டை திறந்த நிரையால் இறங்கி, 17ஆம் நகர்வில் ஆட்டத்தை முடித்தது.

அப்போது மோர்பியிடம் அரசனும் காலாள்களும் நீங்கலாக எஞ்சியவை ஒரு கோட்டையும் ஒரு மந்திரியுமே. எதிரணியிடம் இராணி, கோட்டை, மந்திரி, குதிரை எல்லாம் இருந்தன. ஆயின் அந்தக் கோட்டையும் மந்திரியும் ஆட்டம் தொடங்கிய கட்டங்களை விட்டு ஒருமுறையேனும் அசையவில்லை.